வடசென்னை வரலாறு – 31: மைக்ரானில் அளந்த சட்டம்

சென்ற இரண்டு இதழ்களில் மணலிக்கு எண்ணெய் வந்த கதையைப் பார்த்தோம். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் உருவானது. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியது. பின்னாலேயே உர ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் வரிசைகட்டின. இந்த இதழில் எண்ணெயின் மறுமுனைக்குப் போவோம். ராயபுரத்து டீக்கடைக் கப், காசிமேட்டில் மீன் போட்டுத் தரும் கவர், திருவொற்றியூர்த் திருவிழாக் கூட்டத்தில் கைமாறிய தண்ணி பாக்கெட் ஆகியவற்றைத் தடுக்க அரசு எழுதிய சட்டங்களின் கதை இது. கால் நூற்றாண்டாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

மணலியில்தான் கேரி பேக் பிறக்கிறது என்று நம் பகுதியிலேயே பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பை செய்யத் தேவையான பாலிதீன் குருணையைத் தொழிலில் இருப்பவர்கள் ‘தானா’ என்பார்கள். அது குஜராத் ஆலைகளிலிருந்து லாரியிலும், வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலிலும் வருகிறது. அதைச் சூடாக்கி உருக்கி, காற்றை உள்ளே செலுத்திக் குழாய்போல ஊதி, சுருட்டி, வெட்டி, ஒட்டினால் பை. இதற்கு ஒரு கொட்டகையும் ஓர் இயந்திரமும் நாலைந்து ஆட்களும் போதும். தானா செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய மாபெரும் நிறுவனங்கள், பை ஊதுபவர்களோ ஆயிரக்கணக்கான சிறு முதலாளிகள். இந்த ஏற்றத்தாழ்வை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த ஒவ்வொரு சட்டமும் யார்மேல் விழுந்தது என்பது இங்கிருந்துதான் புரியும்.

பாலிதீன் 1933-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. கைப்பிடியோடு கூடிய இன்றைய பைக்கு ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965-ல் காப்புரிமை பெற்றது. மணலி நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டு. நம் தெருக்களுக்கு அந்தப் பை வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை மளிகைக் கடையில் செய்தித்தாள் பொட்டலமும் சணல் நூலும், டிபன் கடையில் வாழை இலை அல்லது மந்தாரை இலைக் கட்டும், மீன் வாங்கப் பனையோலைக் கூடையும், பிற்பாடு ஒயர் கூடையும் இருந்தன.

இலை ஏன் தோற்றது என்று கேட்டால் விலை மலிவு, சாம்பார் ஒழுகாது என்பார்கள். இரண்டும் உண்மை. வடசென்னையைப் பொறுத்தவரை மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதுதான் முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. அது தண்ணீர். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போகும் தொழிலாளிக்குக் காலை இட்லியும் மதியம் கலவை சாதமும் போடும் தள்ளுவண்டிக்குக் குழாய் இணைப்பு கிடையாது. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர்தான். நூறு தட்டு கழுவ அது போதாது. தட்டின்மேல் வாழை இலை வடிவத்தில் பச்சைப் பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டால் தட்டைக் கழுவ வேண்டியதே இல்லை. தாளை உருவிப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறலாம். டம்ளருக்குப் பதில் கப், குடிக்கத் தண்ணி பாக்கெட். நகரம் தன் வடபகுதிக்குத் தராத தண்ணீரை இந்தத் தாள் ஈடுகட்டியது. இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதிய சட்டம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

முதல் சட்டம் 1999-ல் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த விதிகள், பையின் தடிமன் 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்றன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வரம்புக்குப் பின்னால் இருந்த யோசனை காயலான் கடைக் கணக்கு. ஓரடி அகலமும் ஓரடிக்குச் சற்று மேல் நீளமும் கொண்ட 20 மைக்ரான் பை நாலு கிராமைக் கொஞ்சம் தாண்டும். ஒரு கிலோ சேர்க்க இருநூறுக்கு மேல் பைகளைக் குனிந்து குனிந்து எடுக்க வேண்டும், அழுக்கைக் கழுவ வேண்டும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் வயிற்றுப்பாட்டுக்காகப் பொறுக்குகிற பெண்கள் இரும்பை எடுப்பார்கள், தண்ணீர் பாட்டிலை எடுப்பார்கள், உடைந்த வாளியை எடுப்பார்கள், கவரை விட்டுவிடுவார்கள். பை தடிமனானால் எடை கூடும், எடை கூடினால் காசு வரும், காசு வந்தால் யாராவது எடுப்பார்கள் என்று அரசு எண்ணியது. யோசனை தப்பில்லை. ஆனால் தெருவில் ஒரு பையைப் பிடித்து இது 18 மைக்ரானா 22 மைக்ரானா என்று யார் சொல்வது? கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அது. அளவுக்கருவி இல்லாத ஆய்வாளருக்கும் கடைக்காரருக்கும் சட்டம் வெறும் எண்ணாக நின்றது.

2002-ல் தமிழ்நாடு இன்னொரு வழியை முயன்றது. பிளாஸ்டிக் பொருட்களின் விற்பனை, இருப்பு, போக்குவரத்து, பயன்பாடு அனைத்தையும் தடைசெய்யும் மசோதா ஜெயலலிதா ஆட்சியில் சட்டமன்றத்துக்கு வந்தது. உற்பத்தியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தேர்வுக் குழுவுக்குப் போன மசோதா சட்டமாகவே இல்லை. அதே காலத்தில் நீலகிரியில் ஆட்சியர் சுப்ரியா சாஹு மலை மாவட்டம் முழுவதும் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். 2010-ல் கன்னியாகுமரி மாவட்டமும் அந்த வழியில் போனது. மலைக்கும் முனைக்கும் கிடைத்த அக்கறை, ஆலையும் குப்பைமேடும் அமைந்த நம் பகுதிக்குக் கிடைக்கவில்லை. சுற்றுலாப் பயணி வந்து பார்க்கும் இடமாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

வங்கதேசம் அதே 2002-ல் மெல்லிய பாலிதீன் பையை நாடு முழுவதும் தடைசெய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு. 1988, 1998 வெள்ளங்களில் டாக்காவின் வடிகால்களைப் பைகள் அடைத்ததைக் கண்ட பிறகு வந்த முடிவு. பக்கிங்ஹாம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் ஓடும் வடசென்னைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மழை வலுத்தால் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் தண்ணீர் எங்கே நிற்கும், அங்கே கால்வாயில் என்ன அடைத்துக் கிடக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

மத்திய விதிகள் தடிமனைத்தான் ஏற்றிக்கொண்டே போயின. 2011-ல் 40 மைக்ரான், 2016-ல் 50. அந்த 2016-ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு நல்ல பிரிவுகள் இருந்தன. கேரி பேக் தர விரும்பும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவுசெய்து மாதம் குறைந்தது 4,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது ஒன்று. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை, அதாவது சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட் வகையறாக்களை, இரண்டே ஆண்டில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றது மற்றொன்று. கெடு முடிந்த அதே 2018 மார்ச்சில் திருத்தம் வந்தது. கட்டணப் பிரிவு நீக்கப்பட்டது. பல அடுக்கு உறைக்கு, எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ வேறு ஏதாவது பயன்பாடு இருந்தாலோ ஒழிக்க வேண்டியதில்லை என்ற வாசகம் சேர்ந்தது. எரியாத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? விதியின் பல் அந்த ஒரு வாசகத்தில் போயிற்று. நாளேடுகளில் பெரிதாகப் பேசப்படாத இந்தத் திருத்தம்தான், என் பார்வையில், இந்தக் கதையின் திருப்புமுனை.

மூன்றே மாதத்தில் தமிழ்நாடு மறுதிசையில் நடந்தது. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் தடையை அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி அரசாணை எண் 84 வெளியானது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களைச் செய்யவோ வைத்திருக்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. உணவு பொதியும் தாள், மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் கப்பும், பிளாஸ்டிக் டீ கப், டம்ளர், தண்ணி பாக்கெட், உறிஞ்சுகுழல், கேரி பேக், பூச்சுப் பை, துணிபோலத் தெரியும் நெய்யாத பை, கொடி. தடிமன் எதுவானாலும் தடை என்றது ஆணை. இருபது ஆண்டாகச் சட்டத்தைக் கட்டிப்போட்டிருந்த மைக்ரான் கணக்கைத் தூக்கி எறிந்த அந்த ஒரு சொற்றொடருக்காகவே இந்த ஆணையைப் பாராட்ட வேண்டும். இனி ஆய்வாளருக்குக் கருவி வேண்டாம், கண் போதும்.

விலக்குகளும் இருந்தன. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. ஆலையிலேயே பொருளை அடைத்து முத்திரையிட்டு வரும் உறைகளுக்கும் விலக்கு. மத்திய அரசு மார்ச்சில் திறந்துவிட்ட கதவு வழியேதான் இந்தக் கடைசி விலக்கும் நுழைந்தது. மணலிச் சாலைப் பெட்டிக்கடையை எண்ணிப் பாருங்கள். டீயை ஊற்றித் தரும் கப்புக்குத் தடை. அதே கடையின் முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ், ஷாம்பு, பாக்கு உறைகளுக்கு அன்று தடை இல்லை. கப் செய்பவர் கொட்டகை முதலாளி, சரத்தை அனுப்புபவர் நாடு தழுவிய நிறுவனம். குப்பைமேட்டில் கப்பையாவது சிலர் பொறுக்குவார்கள். அலுமினியப் பூச்சும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் படலங்களும் ஒட்டிய பாக்கெட்டை எந்தக் காயலான் கடையும் வாங்காது.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று சொல்ல வேண்டும். பெரிய பாட்டில் வாங்க இயலாத ஏழைக்கும் ஷாம்பு கிடைக்க வேண்டும் என்று சின்னஞ்சிறு உறையில் அடைத்து விற்கும் முறையைப் பரப்பியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். வெல்வெட் ஷாம்பு அப்படித்தான் வீடுவீடாகப் போனது. அவர் பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பு தொடங்கினார். ஏழைக்காக யோசித்த நல்ல யோசனை அது. அந்த உறை முடிவில் எங்கே போகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த வழியைப் பற்றிக்கொண்டு செழித்த பெரிய நிறுவனங்களிடமாவது சட்டம் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

2019 ஜனவரியில் முதல் சில வாரங்கள் நகரம் உண்மையாகவே மாறியது. ஓட்டல்களுக்கு எவர்சில்வர் தூக்கும் டிபன் கேரியரும் வந்தன. இறைச்சிக் கடைக்குப் பாத்திரம் கொண்டு போனார்கள். பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும் மறுபடி தலைகாட்டின. மாநகராட்சி பாரிமுனைச் சந்துகளில் மொத்த வியாபாரக் கிடங்குகளைச் சோதனையிட்டது. ஜூன் மாதம் அபராதப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. சேமித்து வைத்து விநியோகிப்பவருக்கு முதல் முறை 25,000 ரூபாய், மூன்றாம் முறை ஒரு லட்சம். சிறு வியாபாரிக்கு 100, 200, 500.

சரியாக அந்த ஜூனில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டன. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறையக் காலி. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் ஓட்டல்கள் சாப்பாட்டைக் குறைத்தன. வடசென்னைத் தள்ளுவண்டிக்காரர் என்ன செய்வார்? கழுவவும் வழியில்லை, விரிக்கவும் அனுமதியில்லை. தடைக்கு முந்தைய ஆறு மாத அவகாசத்தில் ஒவ்வொரு தள்ளுவண்டி நிறுத்தத்துக்கும் ஒரு பொதுக் குழாயும், ஒவ்வொரு பேருந்து நிலையத்துக்கும் காசில்லாத குடிநீர்த் தொட்டியும் வைத்திருந்தால் பாதித் தடை தானாக நிறைவேறியிருக்கும். தண்ணி பாக்கெட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு மாற்று கிடையாது.

உற்பத்தியாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மத்திய விதி 50 மைக்ரானுக்கு மேல் அனுமதிக்கும்போது முழுத் தடை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா, பெரிய நிறுவன உறையை விட்டுவிட்டுச் சிறு தொழிலை மட்டும் முடக்குவது பாகுபாடு இல்லையா என்பவை அவர்களின் கேள்விகள். 2019 ஜூலையில் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. சுற்றுச்சூழலைக் காக்க மாநிலம் கூடுதலாக நடவடிக்கை எடுக்கலாம் என்ற நிலை நிலைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. பாகுபாடு பற்றிய இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது. 2020 ஜூனில் முத்திரையிட்ட உறைகளுக்கான விலக்கைத் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. காகிதத்தில் அது பெரிய அடி. பெட்டிக்கடைச் சரம் ஒரு முழம்கூடக் குறையவில்லை. கொரோனாவும் சேர்ந்துகொண்டது, தொற்றுப் பயத்தில் ஒருமுறைக் கப்பும் கவரும் மறுபடி உள்ளே வந்தன, போகவில்லை.

அடுத்தடுத்து நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2021 டிசம்பர் 23-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் கலைவாணர் அரங்கில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கினார். நீலகிரியில் தொடங்கிய அதே சுப்ரியா சாஹு அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தார். மத்திய அரசு பையின் தடிமனை 75 ஆக்கி, 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆக்கியது. 2022 ஜூலை 1 முதல் தட்டு, கப், கரண்டி, குழல், காதுக்குச்சி, மிட்டாய்க்குச்சி உள்ளிட்ட பொருட்களை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்தப் பட்டியலிலும் பாக்கெட் இல்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கான தமிழ்நாட்டின் தடையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நெய்யாத பை பற்றி மறுபடி ஆராயச் சொன்னது.

கடல் கடந்து கொழும்பில் நடந்ததை நாம் பாடமாக எடுத்திருக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் இலங்கை அரசு சோற்றுப் பொதிக்கான பாலிதீன் தாளையும் மெல்லிய பைகளையும் நுரைப் பெட்டிகளையும் தடைசெய்தது. அங்கே குப்பைமேட்டையும் சோற்றுத் தாளையும் இணைத்துப் பார்க்க முப்பத்திரண்டு உயிர் போக வேண்டியிருந்தது. இங்கே குப்பைமேடு ஒரு துறையின் கோப்பு, தாள் இன்னொரு துறையின் கோப்பு.

கொழும்புக்கு இன்னொரு துயரமும் நேர்ந்தது. 2021-ல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது ஆயிரம் டன்னுக்கு மேல் தானா கடலில் கொட்டி, கரை வெள்ளையாகக் கிடந்தது. 2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதன் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் நம் கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. சர்வதேசக் கப்பல் விதிகளின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இந்தக் குருணை இன்னும் இடம்பெறவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு என்ன செய்தது என்று 28-ஆம் அத்தியாயத்தில் எழுதினேன். குருணை கொட்டினால் அதை அள்ளவே முடியாது. கப்பைத் தடுத்த சட்டம் கப்பின் மூலப்பொருள் வரும் வழியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

முடிவில் எல்லாம் கொடுங்கையூருக்கு வருகிறது. 252 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. மண் தனியே, கல் தனியே, பிளாஸ்டிக்கும் துணியும் தனியே. மீளாத பிளாஸ்டிக் எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஏறுகிறது. அதே இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலையும் ஆலைப் புகையையும் ஏற்கெனவே சுமக்கும் மக்கள் இதை எதிர்த்து 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2018 மார்ச் திருத்தம் பாக்கெட்டை ஒழிக்காமல் விட்டதற்குச் சொன்ன காரணம், எரித்து ஆற்றல் எடுக்கலாம் என்பது. எந்த ஊரில் எரிப்பது என்று அந்தத் திருத்தத்தில் எழுதியிருக்கவில்லை. குடியிருப்போர் சங்கங்களின் வாதங்களையும் மாநகராட்சியின் பதில்களையும் அடுத்த இதழில் விரிவாகப் பார்க்கலாம்.

(தொடரும்)